மாந்தமா, ஒவ்வாமையா?

கைக்குழந்தை வாந்தி எடுத்தால் நம் வீடுகளில் காரணத்துக்குப் பஞ்சமே இருக்காது. மாந்தம் என்பார் பாட்டி. கண்ணு பட்டிருக்கும், உப்பு மிளகாய் சுற்றிப் போடு என்பார் பெரியம்மா. பல் முளைக்கிற நேரம் அப்படித்தான் என்பார் பக்கத்து வீட்டு அக்கா. "நேத்து நீ என்ன சாப்பிட்டே?" என்று பிள்ளை பெற்றவளிடம் விசாரணையே நடக்கும். கிளினிக்குக்குக் கொண்டு போனால், "வயிற்றில் வைரஸ்" என்று ஒரு மருந்துப் புட்டி கைக்கு வரும்.

பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் குழந்தை தேறிவிடும். யார் சொன்னது சரி என்று பிறகு யாரும் யோசிப்பதில்லை. ஆனால் சில குழந்தைகளுக்கு இதே வாந்தி, இதே வயிற்றுப்போக்கு திரும்பத் திரும்ப வரும். சிலருக்கு மலத்தில் இரத்தக் கோடு தெரியும். சிலருக்கு எடை ஏறவே ஏறாது. அவர்களில் ஒரு சிலருக்குக் காரணம் உணவு ஒவ்வாமை. அது தாமதமாக வருவதால்தான் கண்ணில் படாமல் போகிறது.

நான் வானொலி அறிவிப்பாளர். குழந்தை வளர்ப்பு பற்றிப் பேசும் நாட்களில் எனக்கு வரும் அழைப்புகளில், "எம் புள்ளைக்குப் பால் ஒத்துக்கல" என்று தொடங்குபவை நிறைய. பிரிக்பீல்ட்ஸிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் பேசுகிற இளம் தாய்மார்கள், அப்பாக்கள், சில நேரம் பாட்டிமார்கள். அவர்களோடு பேசிப் பேசித்தான் ஒன்று புரிந்தது: அலர்ஜி என்றாலே நம் எல்லோர் மனத்திலும் ஒரே படம்தான் இருக்கிறது. இறால் சாப்பிட்டதும் உதடு வீங்கும், உடம்பெல்லாம் தடிப்பு வரும், மூச்சு இரைக்கும். அது உண்மைதான். ஆனால் அது ஒவ்வாமையின் ஒரு வகை மட்டுமே.

உடனே வருவது, தாமதமாக வருவது

உடனே வரும் ஒவ்வாமைக்குக் காரணம், நம் இரத்தத்தில் இருக்கும் ஐ.ஜி.இ. என்ற எதிர்ப்புப் பொருள். சாப்பிட்ட சில நிமிடங்களில், பெரும்பாலும் இரண்டு மணி நேரத்துக்குள், உடல் தன் எதிர்ப்பைக் காட்டிவிடும். எந்த உணவு என்று கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமில்லை.

இன்னொரு வகையில் ஐ.ஜி.இ.க்கு வேலையே இல்லை. குடலில் இருக்கும் எதிர்ப்புச் செல்கள் ஓர் உணவின் புரதத்தைப் பகையாக நினைத்து மெதுவாகக் கிளம்புகின்றன. தோல் தடிக்காது, உதடு வீங்காது. சில மணி நேரம் கழித்து, சில சமயம் ஓரிரு நாள் கழித்து, வயிறு மட்டும் பேசும். அதற்குள் குழந்தை வேறு நான்கு பொருள்களைச் சாப்பிட்டிருக்கும், நாமும் மறந்திருப்போம்.

இதில் டாக்டர்கள் முக்கியமாக மூன்று வகைகளைச் சொல்கிறார்கள்.

முதலாவது, பெருங்குடலின் கடைசிப் பகுதி அழற்சி. குழந்தை நன்றாகப் பால் குடிக்கும், சிரிக்கும், எடையும் ஏறும். ஆனால் மலத்தில் சளியோடு மெல்லிய இரத்தக் கோடு. தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைக்கும் இது வரலாம். தாய் சாப்பிட்ட பசும்பாலின் புரதம் சிறிதளவு தாய்ப்பாலில் கலப்பதே காரணம். மூவகையில் இதுதான் மிகவும் சாதுவானது. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் சரியாகிவிடும்.

இரண்டாவது, சிறுகுடலின் உட்சுவர் பாதிக்கப்படுவது. வாரக்கணக்கில் வயிற்றுப்போக்கு, எடை ஏறாமை, சோர்வு. சத்து உள்ளே போகிறது, உடம்பில் ஒட்டுவதில்லை.

மூன்றாவதுதான் மிகவும் பயமுறுத்துவது. ஆங்கிலத்தில் 'ஃபுட் புரோட்டீன் இன்டியூஸ்டு என்டரோகோலைடிஸ் சிண்ட்ரோம்' என்று நீண்ட பெயர். டாக்டர்கள் சுருக்கமாக 'எஃப்-பைஸ்' என்கிறார்கள். ஒத்துக்கொள்ளாத உணவு உள்ளே போய் ஒன்றிலிருந்து நான்கு மணி நேரத்தில் குழந்தை அடுக்கடுக்காக வாந்தி எடுக்கும். முகம் வெளுத்து, உடல் துவண்டு, எழுப்பினாலும் கண் திறக்கச் சிரமப்படும். சில மணி நேரம் கழித்து வயிற்றுப்போக்கும் வரலாம். நீர்ச்சத்து வற்றி இரத்த அழுத்தம் இறங்கும் அளவுக்கும் சில குழந்தைகளுக்குப் போகும். காய்ச்சல் இல்லாத இந்தக் குழந்தையைப் பார்த்து, இரத்தத்தில் கிருமி பரவிவிட்டதோ என்று மருத்துவமனையே சந்தேகப்படுவது உண்டு.

அக்கா வீட்டுக் கஞ்சி

எஃப்-பைஸ் என்ற சொல்லை நான் முதலில் கேட்டது கிள்ளானில், என் அக்கா வீட்டில். அக்கா மகனுக்கு ஆறு மாதம் முடிந்து, கோயிலில் சோறு ஊட்டி, வீட்டில் அரிசிக் கஞ்சி தொடங்கியிருந்தார்கள். முதல் நாள் இரண்டு கரண்டி, ஒன்றும் ஆகவில்லை. சில நாள் கழித்துக் கொடுத்தபோது மதியத்துக்குள் ஆறேழு முறை வாந்தி. கிளினிக்கில் வயிற்றுக் கிருமி என்றார்கள். மாலைக்குள் பிள்ளை விளையாட ஆரம்பித்துவிட்டான். பத்து நாள் கழித்து மறுபடியும் கஞ்சி, மறுபடியும் அதே கதை. இந்த முறை பிள்ளை வெளுத்துத் துவண்டு போனதால் மருத்துவமனைக்கு ஓடினார்கள். டிரிப் ஏற்றினார்கள்.

அங்கே இருந்த இளம் டாக்டர் கேட்ட கேள்வி, "என்ன சாப்பிட்டான்?" என்பதோடு நிற்கவில்லை. "எத்தனை மணிக்கு?" என்றும் கேட்டார். அத்தான் தன் கைப்பேசியை எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவைத் திறந்தார். பிள்ளை கஞ்சி சாப்பிடும் படத்தை அக்கா அனுப்பியிருந்தது காலை 10.10. "திரும்பவும் வாந்தி எடுக்கிறான்" என்ற செய்தி 12.20. மேலே தள்ளிப் பார்த்தால் பத்து நாளுக்கு முன்பும் ஏறக்குறைய அதே இடைவெளி. இரண்டு முறையும் காய்ச்சல் இல்லை. வீட்டில் வேறு யாருக்கும் வாந்தி இல்லை. டாக்டர் குழந்தை நிபுணரை அழைத்தார்.

எங்கள் அம்மா மட்டும் முதல் வாந்தியின்போதே, "இவனுக்குக் கஞ்சி ஒத்துக்கல" என்று சொல்லியிருந்தார். மாந்தம் என்ற பெயரில்தான் சொன்னார். ஆனால் கவனிப்பு சரியானது. ஒத்துக்கொள்ளாததுதானே ஒவ்வாமை!

அரிசிக்கே ஒவ்வாமையா என்று நம் ஆட்களுக்கு வியப்பாக இருக்கும். ஆஸ்திரேலியாவின் சிட்னி டாக்டர்கள் 2009இலேயே, எஃப்-பைஸுக்கு அரிசி ஒரு பொதுவான, கடுமையான காரணம் என்று எழுதினார்கள். 2017இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வில் அரிசியே முதலிடம்; அடுத்துப் பசும்பால், பிறகு முட்டை. அதே ஆய்வின் கணக்குப்படி, இரண்டு வயதுக்குட்பட்ட 1 லட்சம் குழந்தைகளில் ஆண்டுக்குச் சுமார் 15 பேருக்கு இது வருகிறது. ஆக, இது அரிதுதான். இதைப் படித்துவிட்டு யாரும் கஞ்சியை நிறுத்த வேண்டாம். கோடிக்கணக்கான குழந்தைகள் அதைக் குடித்துத்தான் வளர்கிறார்கள்.

லெம்பா பந்தாயில் ஒரு தமிழர்

'இதெல்லாம் வெள்ளைக்காரன் நோய்' என்று ஒரு நேயர் என்னிடம் சொன்னார். அவருக்காகவே தேடிப் பார்த்தேன். பதில் பிரிக்பீல்ட்ஸ் பக்கத்திலேயே கிடைத்தது.

கேஎல் சென்ட்ரலில் எல்ஆர்டி ஏறினால் நான்காவது நிறுத்தம் யுனிவர்சிட்டி. அங்கே இருக்கும் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தைப் பெரியவர்கள் இன்றும் 'யுனிவர்சிட்டி ஆஸ்பத்திரி' என்றுதான் சொல்வார்கள். அந்தப் பல்கலைக்கழகத்தின் குழந்தை மருத்துவத் துறையில் பணியாற்றிய டாக்டர் என். ஐங்கரன், 1978இல் தன் சகாக்களோடு பிரிட்டனின் புகழ்பெற்ற குழந்தை மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு கட்டுரை வெளியிட்டார். கிருமியால் வயிற்றுப்போக்கு கண்ட சிறு குழந்தைகளில் சிலருக்கு அது நிற்காமல் நீடிக்கிறதே, ஏன் என்பதுதான் கேள்வி. பசும்பால் புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படுவது அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று அவர்கள் காட்டினார்கள். பால் கொடுப்பதற்கு முன்பும் பின்பும் குடலிலிருந்து துளியளவு திசு எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கும் முறையில் நடந்த ஆராய்ச்சி அது. வெளியே எந்த அறிகுறியும் காட்டாத குழந்தைகளின் குடலில் பால் என்ன செய்கிறது என்றும் 1988இல் அவரது குழு எழுதியது.

அமெரிக்காவின் ஜெரால்டின் பவல் போன்றவர்கள் எஃப்-பைஸை விவரித்ததும் அதே 1970களில்தான். ஆனால் அமெரிக்க மருத்துவமனைகளின் நோய்ப் பட்டியலில் எஃப்-பைஸுக்கெனத் தனி எண் கிடைத்தது 2016 அக்டோபரில். இதைக் கண்டறிந்து சமாளிப்பதற்கான அனைத்துலக வழிகாட்டி வந்தது 2017இல். நம் நாட்டு மருத்துவச் சங்கங்கள் பசும்பால் புரத ஒவ்வாமைக்கென 2012இலேயே வழிகாட்டி வெளியிட்டிருக்கின்றன. ஆகவே உங்கள் டாக்டரிடம் இதைப் பற்றிக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

இரத்தப் பரிசோதனையில் தெரியாது

"டெஸ்ட் எடுத்தால் தெரிந்துவிடாதா?" என்பது அடுத்த கேள்வி. தோலில் குத்திப் பார்ப்பதும், இரத்தத்தில் ஐ.ஜி.இ. அளவு பார்ப்பதும் உடனே வரும் ஒவ்வாமைக்குத்தான் உதவும். தாமத வகையில் அவை பெரும்பாலும் 'ஒன்றுமில்லை' என்றே காட்டும். அதை நம்பி அதே உணவைத் தொடர்ந்தால் குழந்தைதான் கஷ்டப்படும். இன்னொரு பக்கம், ஐ.ஜி.ஜி. பரிசோதனை என்று ஐம்பது நூறு உணவுகளின் பட்டியலைக் காட்டிப் பணம் வாங்கும் இடங்களும் இருக்கின்றன. ஐ.ஜி.ஜி. இருப்பது அந்த உணவை உடல் சந்தித்திருக்கிறது என்பதற்கான அடையாளம். ஒவ்வாமைக்கு அது சாட்சி ஆகாது. ஒவ்வாமை நிபுணர்களின் சங்கங்கள் இந்தப் பரிசோதனையைப் பரிந்துரைப்பதில்லை.

பின் எப்படித்தான் கண்டுபிடிப்பது? நிறுத்திப் பார்ப்பது, திரும்பக் கொடுத்துப் பார்ப்பது. சந்தேகப்படும் உணவை டாக்டர் சொன்னபடி இரண்டு முதல் நான்கு வாரம் முழுதாக நிறுத்த வேண்டும். அறிகுறி அடங்கினால், திட்டமிட்டு மறுபடியும் கொடுத்து, அறிகுறி திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். இந்த இரண்டாவது பாதியைத்தான் பலர் செய்வதில்லை. 'பாலை நிறுத்தினோம், அழுகை நின்றது' என்று அதோடு விட்டுவிடுகிறார்கள். மூன்று நான்கு மாதத்தில் குழந்தையின் வயிற்று வலி அழுகை தானாகவே குறையும் என்பதை மறந்துவிடக் கூடாது. திரும்பக் கொடுத்துப் பார்த்தால்தான், குறைத்தது பாலை நிறுத்தியதா, வயதா என்று தெரியும்.

ஆனால் ஒரு முக்கிய எச்சரிக்கை: எஃப்-பைஸ் என்று சந்தேகம் இருந்தாலோ, உடனே தடிப்பு, வீக்கம், மூச்சிரைப்பு வந்த குழந்தையாக இருந்தாலோ, வீட்டில் ஒரு கரண்டிகூடத் திரும்பக் கொடுத்துப் பார்க்காதீர்கள். அதை எப்போது, எங்கே, எப்படிச் செய்வது என்று நிபுணர்தான் முடிவு செய்ய வேண்டும்.

மாற்றுப் பால் என்ற பெயரில்

பசும்பால் சேரவில்லை என்றதும் வீட்டுப் பெரியவர்கள் ஆட்டுப்பாலைச் சொல்வார்கள். கடையில் ஆட்டுப்பால் மாவும் அழகான டப்பாவில் இருக்கிறது. ஆனால் இரண்டின் புரதமும் அண்ணன் தம்பி மாதிரி; பசும்பாலை ஒத்துக்கொள்ளாத குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு ஆட்டுப்பாலும் சேராது.

லாக்டோஸ் இல்லாத பால்மாவும் இதற்குத் தீர்வாகாது. லாக்டோஸ் என்பது பாலில் இருக்கும் சர்க்கரை. ஒவ்வாமை வருவதோ புரதத்தால். சர்க்கரையை எடுத்துவிட்டாலும் புரதம் அதே டப்பாவில்தான் இருக்கிறது. தாமத வகை ஒவ்வாமை உள்ள குழந்தைகளில் ஒரு பகுதியினருக்குச் சோயாவும் சேராது. இவர்களுக்கென்று புரதத்தை மிகச் சிறு துண்டுகளாக உடைத்த பால்மாவு இருக்கிறது. கடுமையானவர்களுக்கு அமினோ அமில பால்மாவு. இரண்டும் சாதாரண பால்மாவைவிட விலை அதிகம். எனவே கடைக்காரர் சொல்லையோ விளம்பரத்தையோ நம்பி வாங்காமல், டாக்டர் உறுதிப்படுத்திய பிறகு வாங்குவதுதான் பையனுக்கும் நல்லது, பர்ஸுக்கும் நல்லது.

தாய்ப்பால் கொடுப்பவர்கள் அதை நிறுத்தவே வேண்டாம். தேவைப்பட்டால் தாய்தான் பால் பொருள்களைத் தவிர்க்க வேண்டும். தயிர், மோர், நெய், பன்னீர் மட்டுமல்ல; தே தாரிக், மைலோ, பிஸ்கட், கேக் என்று பால் ஒளிந்திருக்கும் இடம் நிறைய. பொட்டலத்தின் பின்னால் 'சுசு', 'செர்புக் சுசு', 'கேசின்', 'வெய்' என்ற சொற்களைத் தேடுங்கள். காப்பிக்குப் போடும் கிரீமரிலும் கேசின் இருக்கலாம். அந்த நாட்களில் தாய்க்குக் கால்சியமும் வைட்டமின் டியும் குறையாமல் பார்க்க வேண்டும். கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை, முள்ளோடு சாப்பிடும் நெத்திலி உதவும். மாத்திரை வேண்டுமா என்பதை டாக்டரிடம் கேளுங்கள். சைவக் குடும்பத்துப் பெண்களுக்குப் பால்தான் முக்கியச் சத்து என்பதால் அவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

எல்லா அழுகையும் ஒவ்வாமை அல்ல

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஐரோப்பாவின் 9 நாடுகளில் 12,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், பசும்பால் ஒவ்வாமை உறுதியானது 0.54 விழுக்காட்டினருக்குத்தான். அதாவது 200 குழந்தைகளில் ஏறக்குறைய ஒருவர். ஆனால் இங்கிலாந்தில் 2006இலிருந்து 2016க்குள் சிறப்புப் பால்மாவுக்கான மருந்துச் சீட்டுகள் ஏறக்குறைய 500 விழுக்காடு கூடின. இதில் பால்மாவு நிறுவனங்களின் செல்வாக்கு எவ்வளவு என்று பிரிட்டிஷ் மருத்துவ இதழே 2018இல் கேள்வி எழுப்பியது.

பால் குடித்ததும் கொஞ்சம் கக்குவது, மாலையில் அழுவது, மலம் ஒரு நாள் பச்சையாக வருவது ஆகியவை பெரும்பாலும் சாதாரணம். இரும்புச்சத்து மருந்து கொடுத்தால் மலம் கறுக்கும். சிவப்பு டிராகன் பழம் கொடுத்த மறுநாள் டயப்பரைத் திறந்து அலறிய அம்மாக்களும் உண்டு! காரணமில்லாமல் உணவை நிறுத்தினால் குழந்தைக்குச் சத்துக் குறையும். பத்தியம் என்ற பெயரில் ஏற்கெனவே பாதி வயிற்றோடு இருக்கும் பிள்ளை பெற்றவளின் தட்டில் இன்னும் நான்கு பொருள் குறையும்.

மணி பார்த்து எழுதுங்கள்

எங்கள் நிலையத்தில் எந்தப் பாட்டு, எந்த விளம்பரம் எத்தனை மணிக்குப் போனது என்று எல்லாவற்றுக்கும் பதிவு இருக்கும். புகார் வந்தால் அதைப் புரட்டினால் போதும். குழந்தைக்கும் அப்படி ஒரு சின்ன நோட்டுப் போடலாம். என்ன கொடுத்தோம், எவ்வளவு, எத்தனை மணிக்கு. என்ன ஆனது, எத்தனை மணிக்கு. காய்ச்சல் இருந்ததா, வீட்டில் வேறு யாருக்காவது வயிறு சரியில்லையா. புதிய உணவை ஒன்றொன்றாகத் தொடங்குங்கள். சந்தேகமான மலத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். டாக்டர்கள் முகம் சுளிக்க மாட்டார்கள்.

அந்த நோட்டையும் குழந்தையின் சுகாதாரப் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு அருகிலுள்ள அரசாங்க சுகாதார கிளினிக்குக்குப் போங்கள். எடை ஏறிய விவரம் அந்தப் பதிவேட்டில்தான் இருக்கிறது. தேவைப்பட்டால் அங்கிருந்தே குழந்தை நிபுணரிடம் அனுப்புவார்கள். கிள்ளானில் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையிலும், தலைநகரில் துங்கு அசிசா மருத்துவமனையிலும், மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும் குழந்தை மருத்துவப் பிரிவு இருக்கிறது.

சில அறிகுறிகளுக்கு நோட்டும் வேண்டாம், காத்திருப்பும் வேண்டாம். அடுக்கடுக்கான வாந்தியோடு முகம் வெளுத்துத் துவண்டு போவது, பச்சை நிறப் பித்த வாந்தி, நிறைய இரத்தம் போவது, வீறிட்டு அழுது சிவப்பு ஜெல்லி போல மலம் வருவது, மணிக்கணக்கில் சிறுநீர் போகாமல் இருப்பது, மூச்சுத் திணறல். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நேராக அவசரப் பிரிவுதான், அல்லது 999.

எஃப்-பைஸ் உறுதியான குழந்தைகளில் பெரும்பாலோர் பள்ளிக்குப் போகும் வயதுக்குள் அதிலிருந்து மீண்டுவிடுகிறார்கள். அதுவரை பிள்ளை பாட்டி வீட்டிலும், தாஸ்காவிலும், பராமரிப்பாளர் வீட்டிலும் சாப்பிட வேண்டியிருக்கும். ஆகவே டாக்டரிடம் ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். எந்த உணவு கூடாது, தவறிச் சாப்பிட்டால் என்ன ஆகும், அவசரப் பிரிவில் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று அதில் இருக்க வேண்டும். ஒரு நகல் டயப்பர் பையில், ஒரு நகல் பராமரிப்பாளரிடம், ஒரு நகல் பாட்டி வீட்டுக் குளிர்பெட்டியின் கதவில். பாட்டிக்குத் தமிழில் படித்துக் காட்டிவிடுங்கள். அன்போடு ஊட்டப்படும் ஒரு கரண்டிதான் பெரும்பாலும் அந்த வீட்டிலிருந்து வருகிறது.